யாரு தொட்டது?

எங்கள் அலுவலகத்துக்கு வந்து கருவிப்பெட்டியைக் கீழே வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வணக்கம் சொல்லமாட்டார். என்ன கோளாறு என்று விசாரிக்கமாட்டார். கால்சட்டைப் பையிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, கம்ப்யூட்டர் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பார். துடைத்த இடத்தில் தெரியும் தன் முகத்தை ஒரு கணம் பார்த்துக்கொள்வார். பிறகு திரும்பாமலே, "யாரு தொட்டது?" என்பார்.

தொட்டது நான்தான். அதைத் தொடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டெக்னீஷியனாக இருந்தார் என்றால் போதும். என்னைவிட ஆறேழு வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். எழுதும்போது 'அவர்' என்றுதான் கை வருகிறது. மனத்துக்குள் அப்படிச் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தவை இவை. துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும் வேண்டிய தாள் வேலைகளைச் செய்து கொடுப்போம். கப்பல் வந்துவிட்டது, கப்பல் கிளம்பப்போகிறது, சரக்குப் பெட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஃபேக்ஸ் போகும். முன்பெல்லாம் தட்டச்சு செய்து, தாளை எந்திரத்துக்குள் விட்டு அனுப்புவோம். எங்கள் பாஸ் ஒரு நாள் கம்ப்யூட்டரோடு மோடம் என்று ஒரு சின்னப் பெட்டியையும் வாங்கி வைத்தார். கம்ப்யூட்டரில் அடித்தால் அங்கிருந்தே டெலிபோன் கம்பி வழியாகப் போய்விடும், தாளே வேண்டாம். மோடம் நம்பரைச் சுழற்றியதும் விசில் அடிக்கும், கரகரவென்று இழுக்கும், அப்புறம் அமைதியாகி வேலையைச் செய்யும். செய்யாத நாளில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நான் தமிழ்ப்பள்ளியிலும் அதற்குப் பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம் வரையும் படித்தவள். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிவைத்து, சுபாங் ஜெயாவுக்குப் போன் செய்வேன். அவர் வருவார்.

வேலை முடிந்ததும் ஜாப் ஷீட் எழுதுவார். மஞ்சள் தாள், கார்பன் வைத்து மூன்று பிரதி. என்ன கோளாறு என்ற கட்டத்தில் அவர் எழுதுவது எப்போதும் இரண்டே சொல்: யூசர் எரர். எந்திரத்தில் பழுதில்லை, அதை வைத்திருக்கும் ஆளிடம்தான் பழுது என்று அர்த்தம். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பிரதி பாஸின் கோப்புக்குப் போகும்.

முதல் ஜாப் ஷீட், டயல் டோன் இல்லை என்று திரையில் வந்ததற்கு. எங்கள் அலுவலக டெலிபோனில் வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்தவேண்டும். ஒரு கணம் பொறுத்தால்தான் வெளி லைன் கிடைக்கும். மனிதர்கள் பொறுப்பார்கள். மோடம் பொறுக்காது, சொல்லிவைத்தால்தான் பொறுக்கும். ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டால் அதற்கு அதுதான் 'கொஞ்சம் நில்' என்று பொருள். அந்தக் கமாவை அவர் போட மறந்திருந்தார். வந்தார், போட்டார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கிளம்பும்போதுதான் நான் கண்டுபிடித்தேன். முன்பு இந்தக் கமா இல்லையே தம்பி என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா. நீங்க அழிச்சிருப்பீங்க."

அழகாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு எதிரில் யாரும் சண்டை போடமுடியாது. கையெழுத்துப் போட்டேன்.

டெங்கில் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்ட அலுவலகம் எங்கள் வாடிக்கையாளர். அங்கே அனுப்பினால் முதல் பக்கம் போகும், இரண்டாம் பக்கத்தின் பாதியில் அறுந்துவிடும். அவர் வந்து பார்த்துவிட்டு, ஃபேக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது நான் கீபோர்டில் கை வைக்கிறேன், அதனால்தான் அறுகிறது என்று பாஸிடம் சொன்னார். இனிமேல் ஃபேக்ஸ் போகும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று எனக்கு உத்தரவு. மூன்று வாரம் அப்படி உட்கார்ந்தேன். என் பிள்ளைகள்கூட வகுப்பில் அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அப்படியும் அறுந்தது.

ஒரு மத்தியானம் பயந்து பயந்து மோடத்தின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். வேகம் என்ற இடத்தில் இருப்பதிலேயே பெரிய எண் இருந்தது. தோட்டத்துப் பழைய கம்பி இவ்வளவு ஓட்டத்தைத் தாங்குமா என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், செம்மண் பாதையில் வேகத்தைக் குறைக்காவிட்டால் அச்சு முறியும் என்பார். ஒரு படி கீழே இருந்த எண்ணைத் தேர்ந்து அனுப்பினேன். இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தடவை அவர் வந்தபோது வெகுளியாக அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நேரே பாஸ் அறைக்குப் போய், "டெங்கில் பிரச்சினைய தீர்த்துட்டேன் பாஸ், ஸ்பீட கொறைச்சு வச்சிருக்கேன்" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. நான் கேட்கிறேன் என்று தெரிந்தே சொன்னார்.

கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, அதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் லோரி மேலிருந்து விழுந்த செய்தி வந்த அன்று, அவர் என் மேசைக்கு அடியில் குனிந்து வயரை மாற்றிக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்தார். என் கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டு, வாங்கக்கா என்று தன் காரில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே முடியும்வரை கூடவே இருந்தார். பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணீர் வாங்கி வந்து, ஸ்ட்ராவைத் தானே போட்டு என் கையில் கொடுத்தார். முதுகெலும்பு முறியவில்லை, ஆனால் ஆறு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, பயப்படாதீர்கள் அக்கா என்று என்னைத் தேற்றியதும் அவர்தான்.

மறுநாள் காலையில் வந்து, விட்ட வேலையை முடித்தார். ஜாப் ஷீட்டை என் முன்னால் நீட்டினார். யூசர் எரர். தேத்தண்ணீர் கொடுத்த அதே கை. அவருக்கு அது இரண்டும் வேறு வேறு விஷயம்.

அந்த ஆறு மாதமும் என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மூன்று பிள்ளைகளும் பள்ளியில். ஒவ்வொரு மஞ்சள் தாளும் கோப்பில் ஏறும்போது, இன்னும் எத்தனை தாள்வரை இந்த வேலை இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்தாவது தாளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாஸ் வியாபாரக் குடும்பத்துக்காரர், பக்தி உள்ளவர். ராகு காலத்தில் எந்த விலைப்பட்டியலும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். ஃபேக்ஸ் பக்கத்தின் நெற்றியில் அனுப்புகிறவர் பெயரும் நேரமும் தானாக விழும். அந்த நேரம் கம்ப்யூட்டர் கடிகாரத்தின் நேரம். பிரிக்பீல்ட்ஸில் மளிகை இறக்குமதி செய்யும் ஒரு பெரியவர், அதற்கு முன்பு ஒருமுறை வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் என்று நெற்றியில் விழுந்த எங்கள் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ராகு காலத்தில் வந்த தாளை நான் பிரித்துப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை காலையிலேயே அதே பெரியவர் அவசரமாக விலை கேட்டார். பன்னிரண்டுக்குள் வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பட்டியல் தயாரானபோது மணி பதினொன்று, பத்தரைக்குத் தொடங்கிய ராகு காலம் நடுவில் நிற்கிறது. பாஸ் என்னைப் பார்த்தார், எப்படியாவது பாரம்மா என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பத்தேகாலுக்குத் திருப்பினேன். நெற்றியில் நல்ல நேரத்தோடு பட்டியல் போனது. பெரியவர் ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தில் கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ள மறந்துபோனேன்.

அன்று மாலை கப்பல் அலுவலகம் ஒன்றுக்கு ஒரு பெட்டிக்கு இடம் உறுதி செய்யும் ஃபேக்ஸ் போகவேண்டும். நாலரைக்கு மேல்தான் அவர்கள் லைன் கிடைக்கும், ஐந்துக்கு மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் நான்கு மணிக்கே அனுமதி கேட்டுக் கோயில் விளக்கு பூசைக்குப் போகிறவள். நாலரைக்குத் தானாகப் போகும்படி அமைத்துவிட்டுக் கிளம்பினேன். கம்ப்யூட்டருக்கு நாலரை ஆனபோது ஊருக்கு ஐந்தேகால். கப்பல் அந்தப் பெட்டி இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கைக்கடிகாரத்தைத் திரையின் மூலையில் வைத்துப் பார்த்தார். அன்று யாரு தொட்டது என்று கேட்கக்கூட இல்லை. விஷயத்தை என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி பாஸைக் கூப்பிட்டார்.

"பாஸ், உங்க மோடத்துக்கு ராகு திசை நடக்குது. பரிகாரம்தான் பண்ணணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சட்டத்தை வைத்த பாஸும் சிரித்தார். அப்புறம் அவர் என் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி, "அக்கா, சாமிய கோயில்லயே விட்டுட்டு வாங்கலா. மிஷினுக்குள்ள கொண்டாந்து விடாதீங்க" என்றார்.

தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். என் தப்பைச் சொன்னதற்காக எனக்கு அவர்மேல் கோபமில்லை. என் சாமியை இழுத்தாரே, அதற்குத்தான். அன்று எழுதியதையும் சேர்த்து, பாஸ் பத்துத் தாளையும் என் முன்னால் விசிறிமாதிரி விரித்துக் காட்டி, இன்னும் ஒன்று வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கையம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். ராகு காலம் நல்ல காரியம் தொடங்கக் கூடாத நேரம், ஆனால் பகையைச் சொல்லி அவளிடம் முறையிடும் நேரம். பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறேன், வீட்டுக்காரர் முதுகுக்காகக் கேட்டிருக்கிறேன். ஒருவர் தலைகுனிய வேண்டும் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரத்தில் திரையில் மறுபடி ஒரு வரி வந்தது. மோடம் வேறு வேலையில் இருக்கிறது. முன்பும் இரண்டு தடவை வந்த கோளாறுதான், அதற்கும் இரண்டு மஞ்சள் தாள் கோப்பில் இருந்தது. இந்தத் தடவை நான் சுபாங் ஜெயாவுக்குப் போன் செய்யவில்லை. போன் செய்தால் பதினோராவது தாள் வரும், தாள் வந்தால் வேலை போகும். நானே தேடினேன். ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து மூடி, கடைசியில் அனுப்பிய ஃபேக்ஸ்களின் பட்டியலைக் கண்டுபிடித்தேன். அதில் நான் அனுப்பாதவை ஆறு இருந்தன. எல்லாம் அவர் வந்து போன நாட்களில். ஒன்று மட்டும் போகாமல் மாட்டிக்கொண்டு, செத்துப்போன ஏதோ ஒரு நம்பரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மோடத்தை இறுக்கிப் பிடித்திருந்தது அதுதான்.

வேலை முடிந்ததும் டெஸ்ட் பேஜ் அனுப்பவேண்டும், கீழே போய் ஒரு கோப்பி வாங்கி வாருங்கள் அக்கா என்பார். நான் படியிறங்கிப் போவேன். அந்த டெஸ்ட் பேஜைத் திறந்து படித்தேன். அவர் பெயர், அம்பாங்கில் அவர் வீட்டு டெலிபோன் நம்பர். உங்கள் கம்ப்யூட்டரைக் கடை மூலம் பார்க்காமல் நேரே என்னிடம் கொடுங்கள், குறைத்துச் செய்து தருகிறேன் என்று தன் முதலாளியின் வாடிக்கையாளர்களுக்கே எழுதியிருந்தார். எங்கள் லைனில், என் நாற்காலியில் உட்கார்ந்து.

மாட்டியிருந்ததை அழித்தேன். உடனே எங்கள் ஃபேக்ஸ் போக ஆரம்பித்தது. என் வேலை பிழைத்தது. அதோடு விட்டிருக்கலாம்.

அவர் முதலாளியின் ஃபேக்ஸ் நம்பர் ஜாப் ஷீட்டின் தலையிலேயே அச்சடித்திருந்தது. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத் தொடங்கும். காத்திருந்தேன். வாழ்நாளில் ஒரு காரியத்தையும் அந்த நேரத்தில் தொடங்காதவள், அன்று அது தொடங்கட்டும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெட்டுப் போகவேண்டிய காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் ஏது? ஒன்று முப்பத்தைந்துக்கு, மீதி இருந்த அவருடைய ஐந்து பக்கங்களையும் அனுப்பினேன்.

லைன் பிஸி. ஐந்து நிமிடத்தில் மீண்டும் முயலும் என்று திரை சொன்னது. மூன்று தடவை முயலும்படி அமைத்திருந்தோம். பக்கத்திலேயே ரத்து செய்யும் பொத்தானும் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தேத்தண்ணீர்ப் பையில் ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவையும் பிஸி. பாரம் தூக்க முடியாமல் வீட்டில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஃபேக்ஸ் போகும்போது அப்படித்தான் உட்காரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. போகட்டும் தாயே என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாம் தடவை மோடம் விசில் அடித்தது. ஐந்து பக்கமும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அவருடைய முதலாளி போன் செய்தார். வயதான சீனர், நிதானமான மலாய் மொழியில் பேசினார். நெற்றியில் உங்கள் கம்பெனி பெயரும் நேரமும் விழுந்திருக்கிறது, அனுப்பியது யார் என்று கேட்டார். ஏதோ கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான்தான் என்றேன். அவனை இன்றே வேலையிலிருந்து எடுத்துவிடுகிறேன், உனக்குத் திருப்திதானே என்றார்.

யோசித்தேன். எடுத்துவிட்டால் அம்பாங்கில் உட்கார்ந்து, அந்தத் தாளில் எழுதிய தொழிலையே நிம்மதியாகச் செய்வார். அது தண்டனையா? வேண்டாம் என்றேன். எங்களிடம் பத்து ஜாப் ஷீட் இருக்கிறது. அவர் இங்கே வந்து, எல்லோர் முன்னாலும், பத்தையும் திருத்தி எழுதட்டும். டெக்னீஷியன் தவறு என்று எழுதட்டும். நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தக் கிழவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம், பத்திலும் உன் கையெழுத்து இருந்தால் அவனுக்கு வேலை இருக்கிறது, ஒன்றில் இல்லாவிட்டாலும் வேலை இல்லை என்றார்.

சனிக்கிழமை காலை வந்தார். கருவிப்பெட்டி இல்லை, கையில் வெறும் ஜாப் ஷீட் புத்தகம் மட்டும். என் மேசைக்கு எதிரே நாற்காலியைக் காட்டினேன். பாஸ் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துப் பத்திரிகை படித்தார். அலுவலகத்தில் ஒரு டெலிபோன்கூட அடிக்கவில்லை. கோப்பிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நான் வாசித்தேன். கமா என்றேன். எழுதினார். டெங்கில் என்றேன். எழுதினார். ஆஸ்பத்திரிக்கு மறுநாள் எழுதிய தாளை மட்டும் வேகமாக வாசித்து முடித்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை, எழுதினார். ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் காதுமடல் சிவந்திருந்ததை நன்றாகப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்றுதான் பார்த்தேன்.

ஒன்பது முடிந்தது. பத்தாவதை எடுத்து வைத்தேன். கடிகாரம். பேனா நின்றது. முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, இது நான் பண்ணது இல்ல. உங்களுக்கே தெரியும்."

பாஸ் அறையில் பத்திரிகை புரளும் சத்தம் நின்றது. பாஸுக்கும் தெரியும்.

"தெரியும் தம்பி. எழுதுங்க."

அவர் திறந்திருந்த பாஸ் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். அப்புறம் குனிந்து எழுதினார். மற்ற ஒன்பதையும்விட அந்த எழுத்து தெளிவாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அம்மனை நினைக்காமல் நான் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பத்தாவதில் மட்டும் அவளை நினைக்காமல் போட்டேன். கார்பனை உருவி எங்கள் பிரதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மற்றதை அவரிடம் கொடுத்தேன்.